ஆறுதலின் அளவு

நோய்களுக்குப் பெயர் வைப்பதில் தமிழ் ஒருபோதும் சோம்பியதில்லை. உடம்பில் ஒரு கொப்புளம் தோன்றினால் அது வேனற்கட்டியா, அக்கியா, அம்மையா, சிரங்கா, சூட்டுக்கொப்புளமா என்று பிரித்துச் சொல்ல நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் என் அக்காவின் கணவருக்கு வந்த நோய்க்கு நம் வழக்கில் ஒரு பெயரும் இல்லை. மருத்துவர்கள் அதைப் பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்கிறார்கள். முதற்சொல் கொப்புளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது இலத்தீன், ‘பொதுவான’ என்று பொருள். பொதுவானது என்று பெயர் பெற்ற இந்நோய் மிக அரிதானது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் செய்யப்பட்டு 2008இல் வெளியான கணக்கெடுப்பு, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கு இது புதிதாக வருவதாகக் கண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் 37 லட்சம் பேர். அதே விகிதம் இங்கும் பொருந்துமானால் ஆண்டுக்குப் பதினைந்து பதினாறு பேர். அவர்களில் ஒருவர் மாமா.

மூன்று ஆண்டுகளாக அவருடன் மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். மருத்துவம் அறியாதவன் நான். கல்லூரியில் இலக்கணமும் சங்க இலக்கியமும் சொல்லிக்கொண்டிருப்பவன். ஆகவே அங்கே என் கவனம் போனதெல்லாம் சொற்களின் மீதும் எண்களின் மீதும்தான். ஒரு மனிதனின் புண்ணை எப்படி அளக்கிறார்கள்? அது ஆறிவிட்டது என்று எந்த இடத்தில், எதை வைத்துச் சொல்கிறார்கள்? இவையெல்லாம் ஒரு கேள்வியா, புண் ஆறினால் தெரியாதா என்று எவருக்கும் தோன்றும். அவ்வளவு எளிதில் தெரிந்துவிடாது என்பதைத்தான் இந்த மூன்று ஆண்டுகளில் கண்டுகொண்டேன்.

*

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் என்பது தூரத்துப் புகை. உள்ளே இருப்பவர்களுக்கு அது வெப்பம். பழைய இரும்பை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் உலைகளும், அக்கட்டிகளை மீண்டும் பழுக்கக் காய்ச்சிக் கட்டடக் கம்பிகளாக இழுக்கும் ரோலிங் மில்களும் அங்கே உண்டு. ஆயிரம் டிகிரிக்கு மேல் பழுத்த இரும்பு உருளைகளுக்கிடையே ஓடும்போது அதன் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து தெறிக்கும். மாமா அத்தகைய ஒரு மில்லில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். அவருடைய முன்கைகளில் பொரிப்பொரியாகத் தழும்புகள் உண்டு. ஆகவே மார்பில் முதல் கொப்புளம் வந்தபோது அவர் உட்பட யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தீப்பொறி பட்டிருக்கும் என்றார்கள். முதலுதவிப் பெட்டியிலிருந்து தீப்புண் களிம்பு கிடைத்தது.

அதற்கு நான்கு மாதம் முன்பே வாய்ப்புண் தொடங்கியிருந்தது. வாய்ப்புண்ணுக்கு நம்மிடம் ஆயத்தமான காரணம் ஒன்று உண்டு: உடம்புச் சூடு. உலையருகே நிற்கிறவருக்குச் சூடு ஏறாமல் என்ன செய்யும்? அக்கா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தாள். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அட்டை அட்டையாகத் தீர்ந்தது. பல் மருத்துவர் ஒருவர் புகையிலையை விடச் சொன்னார். மாமாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கொப்புளம் முதுகுக்கும் பரவியபோது அம்மா அதை ‘அக்கி’ என்றாள். அக்கி கண்டவர்கள் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பூசுவது என்று சொல்ல மாட்டார்கள், எழுதுவது என்றே சொல்வார்கள். மாமியார் சொல்லைத் தட்டாமல் மாமா போய் எழுதிக்கொண்டு வந்தார். மறுநாள் காவி காய்ந்து உதிர்ந்தபோது அதனுடன் தோலும் வந்தது. அன்றுதான் எல்லோரும் பயந்தோம்.

இந்தத் தாமதம் எங்கள் வீட்டுத் தனிக்கதை என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலோருக்கு இந்நோய் வாயில்தான் தொடங்குகிறது. தோலுக்கு வர வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அந்த இடைவெளியில் நோயாளி ஒவ்வொரு மருத்துவராகத் தேடி அலைவது உலகெங்கும் நடப்பது.

சென்னையின் பழைய அரசு மருத்துவமனைகளுள் ஒன்றில் தோல் நோய்ப் பேராசிரியர் ஒருவர், மாமாவின் முதுகில் புண்ணே இல்லாத ஓரிடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினார். நனைந்த தாள்போல மேல்தோல் நகர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ருஷ்ய மருத்துவர் நிக்கோல்ஸ்கி விவரித்த சோதனை அது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரல் போதும். பிறகு தோலில் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

மேல்தோலின் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பது டெஸ்மோகிளின் எனப்படும் புரதங்களால். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தப் புரதத்தையே அந்நியன் என்று எண்ணித் தாக்கத் தொடங்கும்போது இந்நோய் வருகிறது. செங்கல் அப்படியே இருக்கிறது, சாந்து போய்விடுகிறது. அடிவரிசைச் செல்கள் மட்டும் தரையைப் பற்றியபடி தனித்தனியாக நிற்கும். மருத்துவ நூல்கள் அந்தத் தோற்றத்தைக் கல்லறைக் கற்களின் வரிசை என்று வருணிக்கின்றன. ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்களைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு மீன்வலை தெரியும். அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது பழவேற்காட்டில் காயப்போட்டிருக்கும் வலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

1964இல் பியூட்னரும் ஜோர்டனும் இந்த எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். அதற்குமுன் நோயின் காரணம் இருளில் இருந்தது. 1950களில் ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன்போ, இந்நோய் வந்தவர்களில் மிகப் பலர் பிழைத்ததில்லை. தோல் போன இடம் வழியே நீரும் உப்பும் புரதமும் வடிந்து, கிருமி புகுந்து, தீக்காயம் பட்டவர்களைப் போலவே இறந்தார்கள். அவ்வகையில் மில்லில் தீப்புண் என்று சொன்னது முழுக்கத் தவறும் இல்லை எனத் தோன்றுகிறது. நெருப்பு வெளியிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. ஆனால் கேன்டீனில் மாமாவின் தட்டைத் தனியாக வைக்கத் தொடங்கியவர்களிடம் டெஸ்மோகிளினை யார் விளக்குவது?

*

வார்டில் சேர்ந்த அன்று முதுகலை மாணவி ஒருவர் தாள் ஒன்றுடன் வந்தார். அதில் மனித உருவம் முன்புறமும் பின்புறமுமாக வெற்றுக் கோட்டில் வரையப்பட்டிருந்தது. மாமாவின் உடம்பில் எங்கெங்கே புண் இருந்ததோ அங்கெல்லாம் அந்த உருவத்தில் சிவப்பு மையால் நிரப்பினார். குயவர் காவியால் எழுதிய உடம்பு என் நினைவுக்கு வந்தது. இது எழுத்தின் வேறொரு முறை.

முதலில் பரப்பைக் கணக்கிட்டார். தலைக்கு 9, ஒவ்வொரு கைக்கும் 9, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகு 18, ஒவ்வொரு காலுக்கும் 18, எஞ்சியது 1, மொத்தம் நூறு. தீக்காயத்துக்கு வகுத்த ஒன்பதுகளின் விதி இது. திட்டுத் திட்டான புண்களுக்கு நோயாளியின் கையே அளவுகோல். விரல்களும் உள்ளங்கையும் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ அவருடைய உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. சாணும் முழமும் கொண்டு அளந்த மரபில் வந்தவனுக்கு இது அந்நியமாகப் படவில்லை. மாமா தன் கையை விரித்து வைத்துத் தானே எண்ணிப் பார்த்து, “பதினாலு கை தேறும் மச்சான்” என்றார்.

பரப்பு மட்டும் போதாது. பதினான்கு கையளவு ஈரப்புண்ணும் பதினான்கு கையளவு காய்ந்த புண்ணும் ஒன்றாகுமா? 2007இல் ஜெர்மானிய மருத்துவர்கள் வகுத்த ஆப்சிஸ் என்னும் அளவுமுறை இதற்கு ஒரு வழி கண்டது. நீர் வடியும் புண்ணின் பரப்பை ஒன்றரையால் பெருக்க வேண்டும். காய்ந்த புண்ணை ஒன்றால். புதுத்தோல் மூடிய இடத்தை அரையால். ஆறிய இடத்துக்கும் அரை மதிப்பெண் உண்டு என்பதைக் கவனியுங்கள். மூடியதெல்லாம் முடிந்துவிட்டதாக அந்த முறை நம்புவதில்லை.

அடுத்து வந்தது பன்னாட்டு மருத்துவர்கள் கூடி அமைத்த பி.டி.ஏ.ஐ. என்ற அளவுகோல். இதில் தோலைப் பன்னிரண்டு பகுதிகளாகவும், வாய் முதலிய மென்சவ்வுகளைப் பன்னிரண்டு பகுதிகளாகவும் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் புண்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்துப் பத்து வரை மதிப்பெண். 2 செ.மீ., 6 செ.மீ., 16 செ.மீ. என்பவை அதன் படிகள். தலைக்குத் தனியாகப் பத்து. இவ்வளவும் நோயின் இயக்கத்துக்கு, கூட்டினால் 250. இதற்கு அப்பால் 13 மதிப்பெண்களைத் தனியே ஒதுக்கியிருக்கிறார்கள். அவை புண் ஆறிய பின் எஞ்சும் கருமைக்கும் சிவப்புக்கும் உரியவை. இயக்கம் ஒரு கட்டத்தில், சேதம் வேறொரு கட்டத்தில். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் நோய் தணிந்த பிறகும் நோயாளிக்கு மருந்து ஏறிக்கொண்டே போகும் என்று மாணவி விளக்கினார்.

இதைக் கேட்டபோது எனக்கு உடனே தோன்றியது புண், வடு என்ற இரு சொற்கள். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திய குறள் தமிழ் படித்த எவருக்கும் தெரியும். ஆண்டுதோறும் வகுப்பில் அதை நாவடக்கத்தின் உவமையாகச் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். அந்த வேறுபாட்டின்மீது ஒரு மருந்தின் அளவும் நிற்கக்கூடும் என்பதை மருத்துவமனைத் தாள் ஒன்றில்தான் பார்த்தேன்.

மாமாவின் முதல் மதிப்பெண் 52. 15க்கும் 45க்கும் எல்லை வகுத்து, 45க்கு மேற்பட்டதை மிகவும் பரவிய நோய் என்று 2016இல் ஓர் ஆய்வு வகைப்படுத்தியிருக்கிறது. அக்கா அந்த எண்ணைக் கேட்டு ஆறுதல் அடைந்தாள். “இருநூத்தி அறுபத்து மூணுக்கு அம்பத்திரண்டுதானே தம்பி?” என்றாள். தேர்வுத்தாள் திருத்தியே பழகிய நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மாணவி எல்லைக் கணக்கைச் சொன்னார். அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை.

*

ஆப்சிஸ் முறையில் வாய்க்கென்று ஒரு பகுதி உண்டு. வாயின் பதினொரு இடங்களில் புண் உண்டா இல்லையா என்று பார்ப்பது ஒன்று. மற்றது உணவு. ஒன்பது படிகளாக உணவுகளை அடுக்கியிருக்கிறார்கள்: தண்ணீர், சூப், தயிர், கஸ்டர்டு, மசித்த உருளைக்கிழங்கு அல்லது முட்டைப் பொரியல், சுட்ட மீன், வெள்ளை ரொட்டி, ஆப்பிள், கடைசியாகப் பொரித்த இறைச்சியோ முழுக்கோதுமை ரொட்டியோ. ஒவ்வொன்றையும் உண்ணும்போது எப்போதும் வலிக்கிறதா, சில சமயம் வலிக்கிறதா, வலிப்பதே இல்லையா என்று கேட்க வேண்டும். எப்போதும் என்றால் அந்தப் படியின் எண் முழுமையாக, சில சமயம் என்றால் பாதி. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் வரும் 45 தான் உச்ச மதிப்பெண்.

மாணவி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நான்காவதில் மாமா நின்றார்.

“அது என்னா மச்சான், கஸ்டர்டு?”

மாணவி சிரித்துவிட்டார். “சார், நீங்க தமிழ் வாத்தியார்தானே? நம்ம சாப்பாட்டுல இதுக்கெல்லாம் என்ன சொல்லலாம்னு கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார்.

அன்று மாலை கட்டிலருகே உட்கார்ந்து நாங்கள் நால்வரும் ஒரு பட்டியல் தயாரித்தோம். தண்ணீர் தண்ணீரேதான். சூப்புக்கு ரசம். தயிர் அப்படியே. கஸ்டர்டுக்குக் கேழ்வரகுக் கூழ். மசித்த கிழங்குக்குக் குழைந்த சோறு. மீனுக்கு மீனே. வெள்ளை ரொட்டிக்கு இட்லி போதாது, தோசை வைக்கலாம் என்றாள் அக்கா. ஆப்பிளுக்குக் கொய்யா. ஒன்பதாம் படிக்கு முறுக்கு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மொழிபெயர்ப்பு செவ்வையாக முடிந்தது என்றே நினைத்தேன்.

மாமாவிடம் கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. தண்ணீருக்குச் சில சமயம் வலிக்கும். ரசத்துக்கு எப்போதும். அக்கா ஒரு மிளகுகூடப் போடாமல் வைத்தாலும் புளி சுடும். ஆனால் குழைந்த சோறு பால் விட்டால் இறங்கும். பாலில் ஊறிய இட்லியும் இறங்கும். தயிர் புளிப்பில்லாதவரை சரி. கூழில் உப்பு கூடினால் எரியும். படிகள் வரிசை மாறிக் கிடந்தன. ஐரோப்பியப் பட்டியல் உணவின் கடினத்தை வைத்து ஏறுகிறது. கடிக்கக் கடிக்க வலி கூடும் என்பது அதன் கணக்கு. எங்கள் நாக்குக்கு வலி காரத்திலும் புளியிலும் உப்பிலும் இருக்கிறது. பல்லுக்கு வேலை வருவதற்கு முன்பே உயிர் போய்விடும். இரண்டாம் படியில் தோற்ற மனிதர் ஐந்தாம் படியில் தேறுகிறார்.

அளவுகோல் தவறு என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. உலகின் பல மருத்துவமனைகளில் ஒரே நோயை ஒரே விதமாக எண்ணுவதற்கு எதையாவது ஒன்றைப் பொதுவாக வைத்தாக வேண்டும். ஒரே நோயாளியிடம் ஒரே பட்டியலை மாதந்தோறும் கேட்டால், ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பதாவது தெரியும். ஆயினும் எனக்குள் ஒரு மனக்குறை இருந்தது. வலியைக் கேட்கும் கேள்வி வலிப்பவனின் அடுக்களையிலிருந்து வர வேண்டும். மாணவி எங்கள் பட்டியலைத் தாளின் பின்புறம் எழுதிவைத்துக்கொண்டார். அதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தை முடித்ததும் தாளைத் திருப்பி, “ரசம் எப்படி இருக்கு?” என்று கேட்பார். மாமா அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்.

*

முதுகு முழுதும் புண்ணாக இருப்பவர் எதன்மேல் படுப்பார்? துணி ஒட்டிக்கொள்ளும். எடுத்தால் ஆறத் தொடங்கிய தோலும் சேர்ந்து வரும். வார்டில் வாழையிலை விரித்தார்கள். அக்காவுக்கு முதலில் அது பொறுக்கவில்லை. இலையில் கிடத்துவது வேறு எதற்கோ என்ற எண்ணம். ஆனால் இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டுவதில்லை, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. மும்பையில் தீக்காய மருத்துவர்கள் வாழையிலைக் கட்டை முறையாகச் சோதித்து, அது வலியின்றிப் பிரிவதையும் செலவு மிகக் குறைவாக இருப்பதையும் 2003இல் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். அதன்பின் கோயம்பேட்டிலிருந்து இலைக்கட்டு வாங்கி வருவது என் வேலையாயிற்று.

சிகிச்சையில் இந்தியாவுக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்டீராய்டை நாள்தோறும் பெருமளவில் கொடுத்தால் நோய் அடங்கும், ஆனால் எலும்பும் சர்க்கரையும் கண்ணும் கெடும். தில்லி எய்ம்ஸில் பணியாற்றிய ஜே.எஸ். பஸ்ரிச்சா 1980களின் தொடக்கத்தில் வேறொரு முறையைக் கையாண்டார். டெக்ஸாமெத்தசோன் 100 மில்லிகிராமைக் குளுக்கோஸ் நீரில் கலந்து மூன்று நாள் தொடர்ந்து ஏற்றுவது. அதில் ஒரு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்ப்பது. பிறகு 28 நாளுக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்வது. இடைப்பட்ட நாட்களில் 50 மில்லிகிராம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரை மட்டும். 1984இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு எட்டக்கூடிய மருத்துவமாக அது நிலைத்தது. இன்று ரிட்டுக்ஸிமாப் வந்துவிட்டது. 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் மருந்தே இல்லாமல் தணிந்திருந்தார்கள்; ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 விழுக்காட்டினரே. மாமாவுக்குப் பழைய முறையே வாய்த்தது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு கருவளத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் பிள்ளைப்பேறு முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்ட பிறகே தொடங்கினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த மருந்தை விலக்கி ஸ்டீராய்டு மட்டும் ஏற்றினார்கள்.

பஸ்ரிச்சாவின் முறைக்கு நான்கு கட்டங்கள். புதுப்புண் வருவது நிற்கும்வரை முதற்கட்டம். தோல் முழுதும் தெளிந்த பின்னும் ஒன்பது மாதம் அதே மருந்தை ஏற்றுவது இரண்டாவது. மாத்திரை மட்டும் தொடர்வது மூன்றாவது. மருந்தின்றிக் கண்காணிப்பது நான்காவது. இதில் இரண்டாம் கட்டம்தான் மனிதர்களைச் சோதிக்கிறது. புண் ஒன்றுகூட இல்லாதவர் மாதம் மூன்று நாள் ஊதியத்தை விட்டு மருத்துவமனையில் ஏன் படுக்க வேண்டும்? மாமாவுடன் தொடங்கிய ஒருவர் நான்காம் மாதத்திலேயே நின்றுவிட்டார். ஓராண்டு கழித்து மீண்டும் முதற்கட்டத்தில் அவரைப் பார்த்தோம்.

ஊதியம் என்றதும் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பொதுவான நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், ஊதியத்தில் 70 விழுக்காடு. நோயின் கட்டங்கள் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நகர்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது. தோலைப் பொறுத்தவரை தொழுநோய் குணமானவர்களும் அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் அதில் உண்டு; கொப்புள நோய்கள் இல்லை. ஆகவே 52 என்றாலும் 5 என்றாலும் அந்த எண்ணைக் கொண்டு ஓர் அலுவலகத்தின் கதவையும் தட்ட முடியாது. மில்லில் கேட்டதோ ஒரே ஒரு சொல்: ‘தகுதி’. வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதி வாங்கி வா என்றார்கள்.

அந்தச் சொல்லை எழுத மருத்துவர் தயங்கினார். அவர்களுடைய அகராதியில் அது இல்லை. 2008இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி இந்நோய்க்குரிய சொற்களை வரையறுத்திருக்கிறார்கள். புதுப்புண் வருவது நின்று, பழைய புண் ஆறத் தொடங்கினால் ‘கட்டுப்பாடு’. இரண்டு வாரம் புதிதாக எதுவும் இன்றி, இருந்தவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஆறினால் ‘நிலைப்படுத்தலின் முடிவு’. மருந்தே இல்லாமல் இரண்டு மாதம் புண்ணின்றி இருந்தால் ‘முழுத் தணிவு’. ஒரு மாதத்தில் மூன்றோ அதற்கு மேலோ புதுப்புண்கள் தோன்றி ஒரு வாரத்துக்குள் தாமாக ஆறாவிட்டால் ‘மீளெழல்’. தமிழாக்கம் என்னுடையது. இவற்றுள் எதுவும் ‘குணம்’ இல்லை என்பதை ஓர் ஆசிரியனாக நான் மதிக்கிறேன். தெரிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாத சொற்கள் இவை.

தமிழில் ‘ஆறு’ என்ற வினைக்கு இந்த எச்சரிக்கை இயல்பாகவே உண்டு என்று நினைக்கிறேன். சோறு ஆறுகிறது, பால் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. எல்லாவற்றிலும் முன்பு இருந்த ஒரு சூடு குறைகிறது. ஆறிய பால் மீண்டும் காயாது என்று அந்தச் சொல் உறுதி அளிப்பதில்லை.

*

அதே பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அடிக்கடி பார்ப்போம். அவனுக்கு எபிடெர்மாலிசிஸ் புல்லோசா. எதிர்ப்பாற்றலின் பிழையால் வருவதன்று. தோலைப் பிணைக்கும் புரதத்துக்கான மரபணுவிலேயே குறை. பிறந்த நாள் முதல் உராய்ந்த இடமெல்லாம் கொப்புளம். விரல்கள் ஒட்டத் தொடங்கியிருந்தன.

அந்நோய்க்கு அண்மையில் வந்த மருந்துகளைப் பற்றி இணையத்தில் தேடி அவன் தாய்க்குச் சொன்னேன். பூர்ஜ மரப்பட்டைச் சாற்றிலிருந்து செய்த களிம்பு ஒன்று 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அதன் ஆய்வில் ஒவ்வொரு நோயாளியிடமும் 10 முதல் 50 சதுர செ.மீ. வரையிலான ஒரே ஒரு புண்ணை ‘இலக்குப் புண்’ணாகத் தேர்ந்துகொண்டார்கள். 45 நாளுக்குள் அது முழுதும் மூடியதா என்பதே கேள்வி. களிம்பு பூசியவர்களில் 41.3 விழுக்காட்டினருக்கு மூடியது. மருந்தற்ற களிம்பு பூசியவர்களில் 28.9. குறைபட்ட மரபணுவின் நல்ல நகலைத் தோலுக்குக் கொண்டுசெல்லும் மற்றொரு களிம்பு 2023இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதன் ஆய்வில் ஆறாம் மாதத்தில் 67 விழுக்காட்டுப் புண்கள் மூடியிருந்தன, மருந்தற்ற களிம்பில் 22. இவை சிறிய செய்திகள் அல்ல.

அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு புண்ணத்தான் பாத்தாங்களா சார்? மத்ததெல்லாம்?” என்றாள்.

அறிவியலின் தரப்பில் இதற்கு நியாயமான விடை உண்டு. உடம்பெங்கும் புண் தோன்றி மறைந்துகொண்டே இருக்கும்போது ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொண்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று அறிய முடியும். மூடிய புண் மூடியே இருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்வதும் அதே காரணத்தால்தான். விடை சரியானது. ஆனால் அவளுக்கு இலக்குப் புண் என்று ஒன்று இல்லை. அவளுக்கு இருப்பது ஒரு பையன்.

வாழ்வின் பக்கத்தையும் எண்ணிப் பார்க்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. கொப்புள நோயாளிகளுக்கென்றே 2013இல் பதினேழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வெளியானது, உச்சம் 51. மாமாவிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டபோது அவருடைய தோல் மதிப்பெண் ஏற்கெனவே 6க்கு இறங்கியிருந்தது. இந்தப் படிவத்திலோ 29 வந்தது. மின்சார ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டு வருவதை நான் அறிவேன். சாய்ந்தால் முதுகு உரியுமோ என்ற பயம் புண் போன பிறகும் போகவில்லை. பக்கத்தில் உட்காருகிறவர் கழுத்தின் கருந்திட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போவது வேறு. தோலில் 6, மனிதரில் 29. எந்த எண் உண்மை என்று கேட்டால் இரண்டும்தான்.

இப்போது மாமா மூன்றாம் கட்டத்தில் இருக்கிறார். இயக்கம் 0, சேதம் 9 என்று சென்ற மாதத் தாளில் எழுதியிருக்கிறது. அனலிலும் உராய்விலும் நிற்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்ததால் மில்லில் அவரை எடைமேடைக்கு மாற்றிவிட்டார்கள். வரும் லாரியையும் போகும் லாரியையும் நிறுத்து எழுதுகிற வேலை. கூடுதல் நேர ஊதியம் இல்லை, அனலும் இல்லை. ரசம் குடிக்கிறார், மிளகு குறைவாக.

அக்கா மட்டும் எந்தத் தாளையும் நம்புவதில்லை. நோயின் தொடக்கத்தில் கறை தெரியாமலிருக்க அடர்நிற விரிப்பு வாங்கச் சொல்லி எல்லோரும் அவளுக்கு யோசனை சொன்னோம். அவள் கேட்கவில்லை. பழைய வெள்ளை வேட்டியைத்தான் விரிப்பாள். ஒவ்வொரு காலையும் அதை உதறும் முன் சன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். எத்தனை இடம், எவ்வளவு பெரிது, ஈரமா காய்ந்ததா. கறை விழுந்து பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் வெள்ளை வேட்டிதான் விரிக்கிறாள்.